எச்சிலில் கட்டிய சுவர்

மேடையில் பாடிக்கொண்டிருந்த ஒரு பாடகர், முன்னால் நின்ற ரசிகனின் முகத்தில் எச்சில் துப்பினார். ரசிகன் செய்த குற்றம்? கொஞ்சம் அதிகமாக சந்தோஷப்பட்டது.

1977 ஜூலை 6. கனடாவில் மான்ட்ரியல் நகரம். முந்தின வருஷம் ஒலிம்பிக்ஸ் நடந்த அதே ஸ்டேடியம். எழுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். ‘பிங்க் ஃப்ளாய்ட்’ என்கிற இங்கிலாந்து ராக் கோஷ்டியின் நீண்ட சுற்றுப்பயணத்தில் அன்றைக்குத்தான் கடைசி நிகழ்ச்சி. வந்த ஜனங்கள் பாட்டைக் கேட்டால்தானே? கூச்சல், விசில், நடுநடுவே பட்டாசு வேறு. ரோஜர் வாட்டர்ஸ் பாட்டை நிறுத்திவிட்டுத் திட்டிப் பார்த்தார். இவர் பேஸ் கிடார் வாசிப்பவர், பாடுபவர், பாட்டெல்லாம் பெரும்பாலும் இவர் எழுதுவதுதான். திட்டியும் பலனில்லை. மேடைக்கு முன்னால் கட்டியிருந்த வலையில் ஒரு பையன் உற்சாகமாக ஏறிக் கொண்டிருந்தான். வாட்டர்ஸ் கிட்டே போனார். அப்புறம் நடந்ததுதான் முதல் வரியில் சொன்னது.

நம்மில் பல பேர் இப்படி ஒரு காரியம் செய்தால் இரண்டு நாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டு, மூன்றாம் நாள் ‘அவன் மட்டும் யோக்கியமா?’ என்று ஆரம்பித்துவிடுவோம். வாட்டர்ஸுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்துவிட்டது. எனக்கும் இந்த ஜனங்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது, அதை ஏன் நிஜமாகவே மேடையில் குறுக்கே கட்டிக் காட்டக்கூடாது என்று யோசித்தார். அந்த யோசனைதான் 1979 நவம்பர் 30-ம் தேதி ‘தி வால்’ என்ற பெயரில் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தது. இருபத்தாறு பாட்டு. எண்பத்தோரு நிமிஷம்.

இந்த விவரம் எதுவும் தெரியாமல்தான் 1992-ல் அது என் கைக்கு வந்தது. கேசட்டாக.

அப்போது எனக்கு திருவல்லிக்கேணியில் மேன்ஷன் வாசம். ஒரு ரூம், இரண்டு கட்டில், ஒரு ஃபேன், அதற்கு ஒரே ஸ்பீடு. ஆபீஸில் பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒருத்தர் அந்த இசைத்தட்டை வைத்திருந்தார். இரண்டு நாள் கடன் வாங்கி, கேசட் ரெக்கார்டிங் கடையில் சி-90-ல் பதியக் கொடுத்தேன். கடைக்காரர் நல்ல மனுஷர். எண்பத்தோரு நிமிஷம் போக, கடைசியில் மூன்று நாலு நிமிஷம் டேப் காலியாகக் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ‘வேஸ்ட்டா போகுதே ஸார்’ என்று, கேட்காமலே ‘மௌன ராகம்’ படத்துப் பாட்டு ஒன்றைப் போட்டு நிரப்பிவிட்டார். அதுவும் முழுசாக இல்லை. கடைசி சரணத்துக்குப் பாதியில் டேப் தீர்ந்து ‘டக்’ என்று நின்றுவிடும்.

‘புரோக்ரெஸிவ் ராக்’ என்று ஒரு ரகம் இருக்கிறது. மூன்று நிமிஷத்தில் முடிக்க வேண்டிய பாட்டை இருபது நிமிஷத்துக்கு இழுக்கிறவர்கள். பாடகர் வாயைத் திறப்பதற்குள் நாம் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதில் ‘கான்செப்ட் ஆல்பம்’ என்றால், எல்லாப் பாட்டும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்லும். நம்ம கதாகாலட்சேபம் மாதிரி, சுண்டல் மட்டும் கிடையாது.

‘தி வால்’ கதாநாயகன் பெயர் பிங்க். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா யுத்தத்தில் செத்துப் போகிறார். அது முதல் செங்கல். பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிற அம்மா ஒரு செங்கல். பையனை மட்டம் தட்டுகிற வாத்தியார் ஒரு செங்கல். வளர்ந்து பெரிய ராக் பாடகனாகிறான். பணம், புகழ், ஊர் ஊராகக் கச்சேரி. வீட்டுக்கு போன் போட்டால் வேறு ஆண்குரல் எடுக்கிறது. இன்னொரு செங்கல். கடைசிச் செங்கலை அவனே வைத்து மூடிக்கொள்கிறான். பிறகு உள்ளே உட்கார்ந்து டி.வி. பார்க்கிறான். வெளியே யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டால் கேட்பதில்லை. அவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருக்கிறான்.

அந்த போன் சமாசாரம் ஒரு வேடிக்கை. பாட்டின் கடைசியில் ஒரு டெலிபோன் ஆபரேட்டரம்மா குரல் வருகிறது. நடிப்பு இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லண்டனுக்கு நிஜமாகவே ஒரு கால் புக் பண்ணி, ‘மிஸ்டர் ஃப்ளாய்ட் பேசுகிறார், மிஸஸ் ஃப்ளாய்டைக் கூப்பிடுங்கள்’ என்று சொல்லி, அந்தப் பக்கம் ஒரு ஆளை ஏற்பாடு செய்து போனை எடுத்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். விஷயம் தெரியாத ஆபரேட்டரம்மா, ‘வீட்டில் யாரோ ஒரு ஆம்பிளை இருக்கிறாரே, ஏன் வைத்துவிடுகிறார்?’ என்று உண்மையாகவே குழம்புகிறார். முன்பின் தெரியாத ஒரு ஆளுக்காக அந்தம்மா படுகிற கவலை, அந்தக் கதையில் வேறு யாருமே படாதது!

அப்பா செத்ததும் கற்பனை இல்லை. ரோஜர் வாட்டர்ஸ் பிறந்தது 1943 செப்டம்பர். அப்பா எரிக் ஃப்ளெட்சர் வாட்டர்ஸ் இத்தாலியில் ஆன்ஸியோ யுத்தத்தில் 1944 பிப்ரவரி 18-ல் மாண்டார். குழந்தைக்கு ஐந்து மாசம். அப்பா செத்த இடத்துக்குப் பக்கத்தில், சரியாக எழுபது வருஷம் கழித்து, 2014-ல் அதே தேதியில் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டபோது மகன் போய் நின்றார். அப்போது அவருக்கு வயது எழுபது. அப்பா முப்பதுகளின் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டவர். இன்னொரு சமாசாரம்: அந்த அப்பா ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அம்மாவும் டீச்சர். இந்தப் பிள்ளை உலகப் புகழ் பெற்றது வாத்தியார்களைத் திட்டி எழுதிய பாட்டால்!

அந்தப் பாட்டைக் கேட்காதவர்கள் குறைவு. ‘அனதர் பிரிக் இன் த வால்’, இரண்டாம் பாகம். முதலில் அது ஒரே ஒரு சரணம், ஒரு பல்லவியோடு ஒன்றேகால் நிமிஷத்தில் முடிகிற துக்கடா. தயாரிப்பாளர் பாப் எஸ்ரின்தான் டிஸ்கோ தாளம் போடச் சொன்னார். பிறகு சரணத்தைக் காப்பி எடுத்து ஒட்டி, இரண்டாம் தடவைக்குக் குழந்தைகளைப் பாட வைக்கலாம் என்று டேப்பை லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் இஸ்லிங்டன் கிரீன் பள்ளிக்கூடம். மியூஸிக் வாத்தியார் இருபத்து மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். தலைமை ஆசிரியைக்கு முன்கூட்டித் தகவல் இல்லை. படிப்பு வேண்டாம் என்று பிள்ளைகள் பாடப் போவது தெரிந்தால் எந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அனுப்புவார்? அதிலும் ஒரு குறும்பு. ‘வேண்டாம்’ என்பதை ஒரே வரியில் இரண்டு தடவை எதிர்மறையாகச் சொல்கிறார்கள். இங்கிலீஷ் இலக்கணப்படி அது ‘வேண்டும்’ என்று ஆகிவிடுகிறது. பாடியவர்களுக்குப் படிப்பு அவசியம் என்பதற்கு அந்த வரியே சாட்சி.

பிள்ளைகள் குரலைப் பல தடவை அடுக்கி ஒரு பெரிய பட்டாளம் மாதிரி ஆக்கினார்கள். 1979 கிறிஸ்துமஸுக்கு இங்கிலாந்தில் நம்பர் ஒன். 1980-ல் அமெரிக்காவிலும். பள்ளிக்கூடத்துக்கு ஆயிரம் பவுண்டு கொடுத்தார்கள். பாடிய பிள்ளைகளுக்குத் தனித்தனியாக ராயல்ட்டி கிடையாது; வளர்ந்து ஆளான பிறகு, 2004-ல்தான் உரிமை கேட்டுக் கிளம்பினார்கள். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மாணவர்கள் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட மட்டமான கல்வியை எதிர்த்து இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு தெருவில் இறங்க, 1980-ல் அரசாங்கம் பாட்டையே தடை செய்தது. ஒரு பணக்காரப் பாடகரின் சொந்தப் புலம்பல், அவருக்கே தெரியாத பிள்ளைகள் கையில் நிஜமான காரியத்துக்குப் பயன்பட்டது.

புலம்பல் என்றேன். எனக்கு இந்த ஆல்பத்தில் குறையும் உண்டு. பிங்க்குக்கு வருகிற கஷ்டத்துக்கெல்லாம் அம்மா, பெண்டாட்டி, வாத்தியார் என்று வரிசையாக ஆள் பிடித்து நிறுத்துகிறார் வாட்டர்ஸ். இரண்டு மகன்களை விதவையாக வளர்த்த டீச்சரம்மாவை ஒரு செங்கலாக ஆக்குவது எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பெண்டாட்டி பக்கத்துக் கதையையும் ஒரு பாட்டு போட்டுக் கேட்டிருந்தால் ஆல்பத்துக்கு மூன்றாவது தட்டு தேவைப்பட்டிருக்கும்!

ஆனால் கடைசியில் நியாயம் செய்துவிடுகிறார். பிங்க் தன் மண்டைக்குள்ளேயே ஒரு கோர்ட் நடத்துகிறான். வாத்தியார், மனைவி, அம்மா எல்லோரும் சாட்சி. குற்றம்: மனுஷன் மாதிரி உணர்ச்சியைக் காட்டியது. ஜட்ஜ் தீர்ப்புச் சொல்கிறார்: சுவரை இடித்து எல்லார் முன்னாலும் நிற்க வை. ஒருத்தனுக்கு விடுதலை என்பதே தண்டனையாகத் தெரிகிற அளவுக்கு அவன் உள்ளே போயிருக்கிறான்.

சரி, இது பாட்டில் உள்ள கதை. இதைவிடப் பெரிய கதை இதை ரெக்கார்டு பண்ணும்போது நடந்தது.

கோஷ்டிக்காரர்கள் பணத்தை ஆபத்தான தொழில்களில் போட்டிருந்தார்கள். எல்லாம் முழுகிவிட்டது. இங்கிலாந்தில் அப்போது பெரிய வருமானத்துக்கு 83 சதவீதம் வரி. (மார்ச் மாசம் சம்பளத்தில் வரிப் பிடித்தத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் இந்த எண்ணை மறுபடி ஒரு தடவை படிக்கவும்.) வரியிலிருந்து தப்ப ஒரு வருஷம் நாட்டைவிட்டே வெளியேறி, ஃபிரான்ஸ், நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் என்று ஊர் ஊராக ரெக்கார்டு செய்தார்கள். ஆகவே தனிமையின் துயரத்தைச் சொல்லும் இந்தக் காவியத்துக்கு இன்கம் டாக்ஸும் ஒரு காரணம்.

வருஷ முடிவுக்குள் முடிக்க வேண்டும். கீபோர்டு வாசிக்கிற ரிக் ரைட் அப்போது குடும்பத்தோடு கிரீஸ் நாட்டில் இருந்தார். கல்யாண வாழ்க்கை உடைந்துகொண்டிருந்த நேரம். சீக்கிரம் கிளம்பி வா என்றார்கள். பிள்ளைகளோடு இருக்க வேண்டும், வரமாட்டேன் என்றார். அவர் கோஷ்டியை விட்டு விலகாவிட்டால் ஆல்பமே வராது என்று வாட்டர்ஸ் மிரட்ட, கல்லூரி நாளிலிருந்து கூட இருந்த நண்பர் வெளியேற்றப்பட்டார். மனிதர்கள் எப்படிச் சுவர் எழுப்பி ஒருவரையொருவர் இழக்கிறார்கள் என்று மைக் முன்னால் பாடிவிட்டு, மைக்கை அணைத்த பிறகு அதையே செய்தார்கள். கிடார் கலைஞர் டேவிட் கில்மோர், டிரம்ஸ் நிக் மேஸன் இருவரும் தடுக்கவில்லை.

1980-81-ல் மேடையேற்றியபோது ரைட்டை மாதச் சம்பளம் மாதிரிக் கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் பக்கம், லண்டன், ஜெர்மனியில் டார்ட்மண்ட், இந்த நாலு இடத்தில்தான். முதல் பாதியில் பாடிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் பெரிய பெரிய வெள்ளை அட்டைச் செங்கல்களை அடுக்குவார்கள். நாற்பது அடி உயரம். இடைவேளையில் கடைசி ஓட்டையும் மூடிவிடும். இரண்டாம் பாதி ஆரம்பிக்கும்போது கோஷ்டி சுவருக்குப் பின்னால்! டிக்கெட் வாங்கி வந்தவனுக்கு அட்டைப்பெட்டி தரிசனம். திடீரென்று இருட்டில் சுவரின் உச்சியில் கில்மோர் நின்று, ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ பாட்டில் அந்தக் கிடாரை வாசிப்பார். அந்தப் பாட்டுக்கும் 1977 பயணம்தான் மூலம். ஃபிலடெல்ஃபியாவில் வயிற்று வலி தாங்காமல் கிடந்த வாட்டர்ஸுக்கு ஒரு டாக்டர் ஊசி போட்டு மேடைக்கு அனுப்பினார். கை மரத்துப் போன நிலையில் முழுக் கச்சேரியும் செய்தார். கீழே யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இந்த அட்டைச் செங்கல் செலவில் கோஷ்டிக்கு நஷ்டம். பங்குதாரர்கள் மூன்று பேருக்கும் கைப்பணம் போயிற்று. லாபத்தோடு வீட்டுக்குப் போனவர் ஒரே ஆள், சம்பளத்துக்கு வாசித்த ரிக் ரைட்!

1985-ல் வாட்டர்ஸ் பிரிந்தார். கோஷ்டிப் பெயர் யாருக்கு என்று வக்கீல் வைத்துச் சண்டை. 1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. 1990 ஜூலை 21-ல், அந்தச் சுவர் இருந்த வெற்றிடத்தில் வாட்டர்ஸ் ‘தி வால்’ நடத்தினார். இரண்டு லட்சம் பேருக்கு மேல் கூட்டம். ஜோனி மிட்செல், வான் மாரிஸன், ஸினேட் ஓ’கானர் என்று உலகத்தில் உள்ள பாடகர்களெல்லாம் வந்தார்கள். வராதவர்கள், கில்மோர், மேஸன், ரைட். பெர்லினை இரண்டாகப் பிரித்த சுவர் போய்விட்டது. நாலு பேருக்கு நடுவில் இருந்தது போகவில்லை.

அதற்கு இன்னும் பதினைந்து வருஷம் பிடித்தது. 1982-ல் ஆலன் பார்க்கர் இதைப் படமாக எடுத்தபோது பிங்க்காக நடித்தவர் பாப் கெல்டாஃப். புருவத்தைச் சிரைத்துக் கொள்கிற காட்சி ஒன்று வரும். அதற்கும் ஒரு நிஜ மனிதர் பின்னால் இருக்கிறார். கோஷ்டியை ஆரம்பித்த ஸிட் பாரெட், மனநிலை குலைந்து 1968-ல் விலகியவர். 1975 ஜூன் 5 அன்று, அவரைப் பற்றிய பாட்டையே மிக்ஸ் பண்ணிக்கொண்டிருந்த ஸ்டூடியோவுக்குள், தலையும் புருவமும் சிரைத்து, பருத்த உடம்போடு வந்து நின்றார். பழைய நண்பர்களுக்கு யாரென்றே தெரியவில்லை. தெரிந்தபோது வாட்டர்ஸ் அழுதார். 

அந்த பாப் கெல்டாஃப்தான் 2005-ல் ‘லைவ் 8’ என்ற நிகழ்ச்சிக்காக நாலு பேரையும் சேர்த்து வைக்க அலைந்தது. படத்தில் சுவருக்குள் கிடந்த பிங்க், நிஜத்தில் இவர்கள் சுவரைத் தட்டினார்! ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க். இருபத்து நாலு வருஷத்துக்குப் பிறகு நாலு பேரும் ஒரே மேடையில். முடிந்ததும் வாட்டர்ஸ் கூப்பிட்டு, தோள் மேல் கை போட்டு நின்றார்கள். கில்மோர் முகத்தில் ‘சீக்கிரம் விடுங்கப்பா’ என்கிற களை. 2006-ல் ஸிட் பாரெட் காலமானார், 2008-ல் ரிக் ரைட். அப்புறம் அந்த நாலு பேர் போட்டோ எடுக்க வழியில்லை. 2011-ல் லண்டனில் ஒரே ஒரு ராத்திரி, வாட்டர்ஸின் சுவர் உச்சியில் கில்மோர் மறுபடி வந்து வாசித்தார். சமாதானம் என்று நினைத்தேன். 2023-ல் மறுபடி பகிரங்கச் சண்டை.

இதையெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. 1992-ல் எனக்குத் தெரிந்தது ஹெட்போனும் எண்பத்தோரு நிமிஷமும்தான். ஆபீஸ் விட்டு வந்ததும் வாக்மேனை மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்துவிடுவேன். எதிர்க் கட்டில் நண்பன் எட்டரைக்கு மெஸ்ஸிலிருந்து வந்து, என் காதைத் தொட்டு, ‘மாப்ளே, உன் செவுத்துப் பாட்டு முடிஞ்சிதா? நம்ம பாட்டு வந்திச்சா?’ என்பான். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிக் கொடுப்பேன். ‘மௌன ராகம்’ பாட்டு ‘டக்’ என்று நிற்கிற வரைக்கும் கேட்டுவிட்டுத் திருப்பித் தருவான். தினம் இதுதான் எங்களுக்குள் பேச்சு.

இரண்டு மாசம் கழித்து அவன் கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போனான். டிரான்ஸ்ஃபர் என்றான். மேன்ஷன் மேனேஜர்தான் அப்புறம் சொன்னார்: ‘உங்க தம்பிக்கு வேலை போய் ரெண்டு மாசமாச்சே ஸார், உங்களுக்குத் தெரியாதா?’ தினம் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பி, பீச்சிலும் லைப்ரரியிலும் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான். நான் ஆறடி தூரத்தில், தனிமையால் தவிக்கிற ஒரு வெள்ளைக்காரனுக்காக மனம் உருகிக்கொண்டு கிடந்திருக்கிறேன். வால்யூம் ஒன்பதில்.

போன வருஷம் ஹெட்போனில் அந்த ஆல்பத்தைத் திரும்பக் கேட்டேன். சுவர் இடிந்து, கடைசியில் மெல்லிசாக ஒரு பாட்டு. அது முடிகிற நொடியில் ஒரு குரல் ஏதோ கேள்வி கேட்க ஆரம்பித்துப் பாதியில் அறுந்துவிடுகிறது. மொபைல் தானாக முதல் பாட்டுக்குத் தாவியது. எடுத்த எடுப்பில் அதே குரல், கேள்வியின் மிச்சப் பாதி! முடிவையும் ஆரம்பத்தையும் முடிச்சுப் போட்டிருக்கிறார் மனுஷர். முப்பது வருஷமாக இது எனக்குத் தெரியாது. என் கேசட்டில்தான் அந்த இடத்தில் இளையராஜா உட்கார்ந்திருந்தாரே.

இதைச் சொல்ல எனக்கு ஒரே ஆள்தான் இருந்தான். நாலு பேரிடம் விசாரித்து நம்பர் வாங்கினேன். இரண்டு நாள் அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மூன்றாம் நாள் அடித்தேன். யாரென்று சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

பிறகு, ‘மாப்ளே, அந்தக் கேசட் இன்னும் இருக்கா?’ என்றான்.

‘இல்லடா. டேப் சிக்கிப் போச்சு.’

‘அடப்பாவி. அந்தப் பாட்டு கடைசி சரணம் எப்ப வந்தாலும் எனக்கு இப்பவும் ‘டக்’னு நிக்கும்னே தோணும்டா’ என்றான். சிரித்தான். அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினோம். செவுத்துப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.